இறுதிப் பணி இழிவான பணியா?





ஒரு வீட்டில் பிள்ளை படிப்பை முடித்து விட்டான். இனி என்ன தொழில் என்று பேச்சு எழுகிறது. கடை வைக்கலாம் என்கிறார் ஒருவர். சவூதிக்கு அனுப்பலாம் என்கிறார் மற்றொருவர். பிள்ளையோ தயங்கித் தயங்கி, "வாப்பா! மய்யித்தைக் குளிப்பாட்டுவது, கஃபனிடுவது, கபர் வேலை, அரசாங்கத்தில் பதிவது எல்லாவற்றையும் முறையாகக் கற்று, அதையே என் வேலையாக வைத்துக் கொள்ள நினைக்கிறேன்" என்கிறான். அந்த வீட்டில் என்ன நடக்கும்? உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்வார். "நம் குடும்பத்தில் யாராவது இந்த வேலை செய்திருக்கிறார்களா? நாளைக்கு உனக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று வாப்பா சீறுவார்.

இது கற்பனைப் பேச்சு என்று ஒதுக்கி விடாதீர்கள். பேச்சு கற்பனையாக இருக்கலாம். அந்த எண்ணம் நம் இல்லங்களில் உயிரோடு இருக்கிறது. மய்யித்தைக் குளிப்பாட்டுபவர் வீட்டில் சம்பந்தம் செய்யத் தயங்குகிறோம். குழி தோண்டுபவரைத் திண்ணையோடு நிறுத்தி விடுகிறோம். அவர்கள் கை நம் தகப்பனாரின் மேனியைத் தொட வேண்டும். ஆனால் நம் ஸஹனில் படக் கூடாது! இது என்ன நியாயம்? தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் சமுதாயத்திற்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? மார்க்கம் இந்தப் பணியை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று இன்று சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதல் பாடம்

மனிதன் கற்ற முதல் பாடங்களில் ஒன்று அடக்கம் செய்வது. திருக்குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயமாகிய ஸூரத்துல் மாயிதாவில் ஆதம் (அலை) அவர்களின் இரு மக்களுடைய வரலாற்றை அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான். பொறாமையால் ஒருவன் தன் உடன்பிறந்தவனைக் கொன்று விட்டான். கொன்ற பின் அந்த உடலை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அப்போது அல்லாஹ் ஒரு காகத்தை அனுப்பினான். அது பூமியைக் கிளறிக் காட்டியது. ஒரு காகத்துக்குத் தெரிந்தது கூடத் தனக்குத் தெரியவில்லையே என்று அவன் தன்னையே நொந்து கொண்டான்.

இந்த வரலாற்றில் நமக்குப் பெரிய படிப்பினை இருக்கிறது. பிறந்தவன் உடலை வெளியில் போட்டு விடக் கூடாது, மறைக்க வேண்டும், மதிக்க வேண்டும் என்று மனிதகுலத்திற்குக் கற்றுக் கொடுத்தவன் அல்லாஹ்தான். ஸூரத்து அபஸாவில் மனிதனுக்குத் தான் செய்த அருட்கொடைகளை அவன் எண்ணிக் காட்டும்போது, மரணத்திற்குப் பின் கபரைக் கொடுத்ததையும் அவற்றோடு சேர்த்தே சொல்கிறான். அல்லாஹ் அருட்கொடை என்று எண்ணியதை நிறைவேற்றித் தருகிற கை, எப்படி இழிவான கையாக இருக்க முடியும்?

இந்தப் பணியைச் செய்தவர்கள் யார்?

நம் ஊரில் யார் செய்கிறார்கள் என்று பார்ப்பதை விட்டு விட்டு, மதீனாவில் யார் செய்தார்கள் என்று பாருங்கள்.

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டில் (கி.பி. 632) நம் நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வுலகைப் பிரிந்தார்கள். அந்தப் புனித மேனியைக் குளிப்பாட்டியவர்கள் கூலிக்கு அழைத்து வரப்பட்டவர்கள் அல்லர். மருமகன் அலீ (ரலி), சிறிய தந்தை அப்பாஸ் (ரலி), அவருடைய மக்கள் ஃபள்லு (ரலி), குஸம் (ரலி), அண்ணலார் வளர்த்த உஸாமா (ரலி), உரிமையிடப்பட்ட பணியாளர் ஷுக்ரான் (ரலி) ஆகியோர் அந்தப் பணியைச் செய்தார்கள். குறைஷிக் குலத் தலைவரும் முன்பு அடிமையாக இருந்தவரும் ஒரே வேலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அணிந்திருந்த ஆடையைக் களையாமலே அதன் மேல் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினார்கள்.

அடுத்துக் கபர் தோண்ட வேண்டும். அன்று மதீனாவில் கபர் தோண்டுவதில் பேர் பெற்றவர்கள் இருவர். மக்கா முறைப்படி நடுவில் பள்ளம் எடுத்துத் தோண்டுபவர் ஒருவர். மதீனா முறைப்படி கிப்லாப் பக்கம் குடைந்து லஹ்து எடுப்பவர் மற்றொருவர். அப்பாஸ் (ரலி) அவர்கள் இருவரிடமும் ஆள் அனுப்பி, யார் முதலில் வருகிறாரோ அவரையே அல்லாஹ் தன் தூதருக்குத் தேர்ந்தெடுத்ததாகக் கொள்வோம் என்று துஆச் செய்தார்கள். லஹ்து எடுப்பவரே முதலில் கிடைத்தார்.

அந்த இரண்டு குழி தோண்டுபவர்கள் யார் தெரியுமா? மக்கா முறைப்படி தோண்டுபவர் அபூ உபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி). சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மரில் ஒருவர். இந்த உம்மத்தின் நம்பிக்கைக்குரியவர் என்று நாயகத்தின் நாவினாலேயே பட்டம் பெற்றவர். பின்னாளில் ஷாம் தேசத்தில் படைகளுக்கெல்லாம் தலைமை தாங்கியவர். லஹ்து எடுத்தவர் அபூ தல்ஹா (ரலி). மதீனாவின் அன்சாரிகளில் பேரீச்சந் தோட்டங்கள் மிக அதிகமாக வைத்திருந்த செல்வர். தமக்கு மிகப் பிரியமான பைருஹா தோட்டத்தை அல்லாஹ்வுக்காக வழங்கியவர். கேட்டுக் கொள்ளுங்கள் சகோதரர்களே! ஊரிலேயே பெரிய தோட்டக்காரர் மண்வெட்டி எடுத்துக் கபர் தோண்டினார். அவருக்கு அது குறைவாகத் தோன்றவில்லை. நமக்குக் குறைவாகத் தோன்றுகிறதென்றால் குறை எங்கே இருக்கிறது?

பெண்களில் உம்மு அதிய்யா (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். நாயகத்தின் அருமை மகளார் ஸைனப் (ரலி) அவர்கள் மறைந்தபோது குளிப்பாட்டிய பெண்மணி இவர்களே. மூன்று தடவையோ ஐந்து தடவையோ, தேவையென்றால் அதற்கு மேலுமோ, ஒற்றைப்படையாக ஊற்றுங்கள். தண்ணீரில் இலந்தை இலை சேருங்கள். கடைசித் தடவையில் கற்பூரம் கலவுங்கள். வலப்புறத்திலிருந்தும் உளூவின் உறுப்புகளிலிருந்தும் தொடங்குங்கள் என்ற கருத்தில் அண்ணலார் அவர்களுக்குக் கற்பித்தார்கள். முடிந்ததும் தம் இடுப்பில் இருந்த துணியையே எடுத்துக் கொடுத்து, அதை மகளின் மேனியோடு ஒட்டியிருக்கும்படி சுற்றச் சொன்னார்கள். கூந்தலை மூன்று சடையாகப் பின்னினார்கள். பிற்காலத்தில் பஸராவில் முஹம்மது இப்னு ஸீரீன் போன்ற பேரறிஞர்கள் மய்யித்தைக் குளிப்பாட்டும் முறையை இந்த அம்மையாரிடமிருந்துதான் கற்றார்கள். இன்று நம் கிதாபுகளில் எழுதியிருக்கும் சட்டத்தின் பெரும்பகுதி ஒரு பெண்ணின் கையனுபவத்திலிருந்து வந்தது என்பதை மறந்து விடாதீர்கள்.

கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 13இல் மறைந்தபோது அவர்களைக் குளிப்பாட்டியவர் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி). அன்று அந்த அம்மையார் நோன்பு வைத்திருந்தார்கள். கடும் குளிர் வேறு. அந்த நிலையிலும் அவர்கள் பின்வாங்கவில்லை.

தீட்டு என்ற எண்ணம்

மய்யித்தைத் தொட்டவரிடம் ஏதோ ஒட்டிக் கொண்டிருப்பதாக ஒரு எண்ணம் நம்மில் சிலருக்கு இருக்கிறது. தீட்டு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நடத்தையில் காட்டி விடுவார்கள். இது நம் மார்க்கத்தின் சரக்கன்று. பெருந்தொடக்கோடு இருந்த அபூஹுரைரா (ரலி) அவர்கள் நாயகத்தின் அருகில் அமர வெட்கப்பட்டு ஒதுங்கிப் போய்க் குளித்து விட்டு வந்தபோது, முஃமினானவன் நஜீஸாகி விடுவதில்லை என்று அண்ணலார் விளக்கி அருளினார்கள். குளிப்பாட்டியவர் பின்னர் தாமும் குளித்துக் கொள்வது சுன்னத்து. அது மேனிச் சுத்தத்திற்கு. அவருடைய மதிப்பில் எதுவும் குறைந்து விட்டது என்பதற்காக அல்ல.

யார் மீது கடமை?

மய்யித்தைக் குளிப்பாட்டுவது, கஃபனிடுவது, தொழ வைப்பது, அடக்குவது ஆகிய நான்கும் பர்ளு கிஃபாயா. சிலர் செய்து விட்டால் மற்றவர்களின் கடமை நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. இதை நாம் ஓதியிருக்கிறோம். ஆனால் இதன் பொருளை எண்ணிப் பார்க்கிறோமா? நம் தகப்பனாரின் மய்யித்தைக் குளிப்பாட்டுகிற அந்த வயதான மோதினார், உண்மையில் நம் கழுத்தில் கிடக்கும் கடமையைத் தம் கையால் இறக்கி வைக்கிறார். நம் கடனை அடைத்தவரை நாம் தாழ்வாகப் பார்ப்பதா?

ஆண் மய்யித்தைக் குளிப்பாட்ட மிகவும் உரிமையுள்ளவர்கள் தகப்பன், பிள்ளை, சகோதரன் முதலிய நெருங்கிய இரத்த உறவினர்களே. ஆனால் இன்று எத்தனை பிள்ளைகளுக்கு முறை தெரியும்? கண்ணை மூடி விடுவது, தாடையைத் துணியால் கட்டுவது, கைகால்களை மெல்ல மடக்கி நீட்டுவது, வயிற்றை மிருதுவாக அழுத்துவது, கையில் துணி சுற்றிக் கொண்டு மறைவிடத்தைச் சுத்தம் செய்வது, உளூச் செய்விப்பது, வலம் பிறகு இடம் என்று ஊற்றுவது, தொப்புள் முதல் முழங்கால் வரை மூடியே வைத்திருப்பது. இவ்வளவும் அரை நாளில் கற்றுக் கொள்ளக் கூடியவை. ஆனாலும் வாசலில் நாற்காலியில் அமர்ந்து, உள்ளே முன்பின் அறியாத ஒருவர் தகப்பனைக் குளிப்பாட்டி முடிக்கும் வரை காத்திருக்கிறோம்.

பெண்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. குளிப்பாட்டத் தெரிந்த பாட்டிமார்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேருகிறார்கள். அவர்களுக்குப் பின் கற்றுக் கொள்பவர் குறைவு. ஒரு பெண் மய்யித்தைக் குளிப்பாட்டப் பெண்களும் இல்லை, மஹ்ரமான ஆண்களும் இல்லை என்றால், தண்ணீர் இருந்தும் தயம்மும் செய்து அடக்கும்படி ஆகும் என்று கிதாபுகளில் மஸ்அலா இருக்கிறது. கணவன் மனைவியைக் குளிப்பாட்டலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹப். ஹனஃபீ மத்ஹபில் அதற்கும் இடமில்லை. பாலைவனத்துப் பயணிக்காக எழுதிய அந்தச் சட்டம், வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் ஓடும் நம் ஊருக்குப் பொருந்தும்படி ஆகலாமா? ஒவ்வொரு மஹல்லாவிலும் பத்துப் பெண்களாவது இதைக் கற்றிருக்க வேண்டும்.

கூலி வாங்கலாமா?

"எல்லாம் சரி, நன்மைக்காகச் செய்ய வேண்டியதைத் தொழிலாக்கிக் காசு வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மார்க்க மேதைகள் இதையும் விட்டு வைக்கவில்லை.

ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' கிதாபில், மய்யித்தைத் தயார் செய்வதற்கும் அடக்குவதற்கும் கூலிக்கு ஆள் அமர்த்துவது கூடும் என்று இருக்கிறது. குர்ஆன் கற்றுக் கொடுப்பதையும் அதே இடத்தில் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். ஹனஃபீ மத்ஹபின் 'துர்ருல் முக்தார்' கிதாபில், கூலியின்றிக் குளிப்பாட்டுவதே சிறப்பு; வேறு ஆளும் இருக்கும் ஊரில் கூலி கேட்டால் கூடும்; அவரை விட்டால் வேறு ஆளே இல்லை என்றால் அது அவர் மீதே தனிக் கடமையாகி விடுவதால் கூடாது என்ற கருத்து காணப்படுகிறது.

இந்தச் செலவு மய்யித் விட்டுச் சென்ற சொத்திலிருந்தே எடுக்கப்பட வேண்டும். பொதுவான கடன், மரண சாசனம், வாரிசுப் பங்கு ஆகிய எல்லாவற்றுக்கும் முந்தியது அது. சொத்து இல்லாதவருக்கு அவரைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர் கொடுக்க வேண்டும். அவரும் இல்லையென்றால் பைத்துல்மால். அதுவும் இல்லையென்றால் வசதியுள்ள முஸ்லிம்கள். ஆகவே, இந்தப் பணி செய்பவர் கையேந்தி நிற்கத் தேவையில்லை. அவர் பெறுவது பிச்சையன்று, உரிமை.

இந்த வேலைக்கு வருபவனுக்கு

இனி அந்தப் பிள்ளையிடம் சில வார்த்தைகள். மகனே! நீ விரும்பியது உயர்ந்த பணி. ஆனால் உயர்ந்த பணிக்குச் சுமையும் அதிகம்.

முதலாவது, அமானிதம். குளிப்பாட்டுபவர் நம்பிக்கைக்குரியவராக இருக்க வேண்டும் என்று ஃபுகஹாக்கள் நிபந்தனை போலவே வலியுறுத்தியிருக்கிறார்கள். ஒரு மனிதன் வாழ்நாள் முழுவதும் மறைத்த வடுவை நீ காண்பாய். வெளியில் பட்டுடுத்தியவரின் உள்ளாடைக் கிழிசலைக் காண்பாய். முகம் கறுத்திருக்கலாம், உடல் புண்ணாகி இருக்கலாம். நல்லதைக் கண்டால் சொல். மற்றதைக் கண்டால் அந்த மறைப்புக்கு உள்ளேயே விட்டு விட்டு வா. குளிப்பாட்டிக் கண்டதை மறைத்தவருக்கு அல்லாஹ் நாற்பது தடவை மன்னிப்பு அளிக்கிறான் என்ற கருத்தில் ஹதீஸ் வந்துள்ளது. இன்று கையில் செல்போன் இருக்கிறது. குளிப்பாட்டும் இடத்துக்குள் அது வரவே கூடாது. மய்யித்தின் முகத்தைப் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பும் பழக்கத்தைத் தடுக்கும் முதல் ஆளாக நீ இரு.

இரண்டாவது, மென்மை. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்றதே என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். சுடுநீரா, தண்ணீரா, எவ்வளவு என்று உன் தாய்க்குப் பார்ப்பது போல் பார்.

மூன்றாவது, பேராசையின்மை. துக்க வீட்டில் விலை பேச யாருக்கும் மனம் வராது. அந்தப் பலவீனத்தில் கை வைப்பவன் மனிதனல்லன். கஃபன் துணிக்கு இவ்வளவு, சந்தூக்குக்கு இவ்வளவு, கபர் வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிப் பள்ளிவாசலில் ஒட்டி வை. ஆடம்பரக் கஃபன் கேட்பவருக்கு அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் பழைய துணியையே துவைத்துக் கஃபனிடச் சொல்லி, புதிய துணிக்கு உயிருள்ளவரே அதிகத் தகுதியுடையவர் என்ற கருத்தில் சொன்னதை எடுத்துச் சொல். நாயகமே (ஸல்) மூன்று வெள்ளைப் பருத்தித் துணிகளில்தான் கஃபனிடப்பட்டார்கள். ஏழை வீடென்றால் கணக்குப் பேசாமல் செய்து விட்டு, ஜமாஅத்திடம் கேள்.

நான்காவது, உலகச் சட்டமும் தெரிந்திரு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி மரணத்தை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பதியாமல் விட்டு, பிறகு வாரிசுச் சான்றிதழுக்கும் ஓய்வூதியத்துக்கும் அலைகிற விதவைகள் எத்தனை பேர்! ஆஸ்பத்திரியில், பிரேதப் பரிசோதனை நடக்கும் இடத்தில், விமான நிலையத்தில், வளைகுடாவிலிருந்து பெட்டியில் வந்திறங்கும் மகனுக்காகக் காத்திருக்கும் பெற்றோருக்குப் பக்கத்தில் நிற்க விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். ஜனாஸாவைத் தாமதமின்றி எடுத்துச் செல்ல வேண்டும் என்பது நாயகத்தின் ஏவல். தெரியாத்தனத்தால் மய்யித்தை இரண்டு நாள் பெட்டியில் வைத்திருக்க நேராமல் பார்த்துக் கொள். கையுறை, முகக்கவசம் முதலிய சுகாதார முறைகளையும் பேணு.

ஐந்தாவது, உன் உள்ளத்தைக் கவனி. அன்றாடம் மவுத்தைப் பார்ப்பவனின் உள்ளம் ஒன்று இளகும், அல்லது கல்லாகும். உஸ்மான் (ரலி) அவர்கள் கபருக்கருகில் நின்றால் தாடி நனையும் வரை அழுவார்கள். நூறாவது மய்யித்தைக் குளிப்பாட்டும்போதும், அடுத்த பலகை நமக்காக இருக்கலாம் என்ற நினைவு வந்தால் நீ பிழைத்தாய். அது வராத நாளில் சற்று ஓய்ந்திரு, தௌபாச் செய்.

மறுக்கப்பட்டபோது தெரிந்த மதிப்பு

இந்தப் பணியின் மதிப்பு அது மறுக்கப்படும்போதுதான் தெரிகிறது. கொரோனாத் தொற்றுக் காலத்தில் இலங்கையில் 2020ஆம் ஆண்டு, அந்நோயால் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. அடக்கம் செய்வதால் நோய் பரவும் என்பதற்கு ஆதாரமில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இருந்தும், பிறந்து இருபது நாளேயான முஸ்லிம் குழந்தையின் உடல் கூடப் பெற்றோர் விருப்பத்திற்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பிப்ரவரி இறுதியில்தான் அந்த ஆணை நீங்கியது. மார்ச் மாதம் முதல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கத்திற்கு இடம் தரப்பட்டது. தீவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஜனாஸாக்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டன. 2024 ஜூலையில் அந்நாட்டு அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது. ஆறடி மண்ணுக்காக ஒரு சமுதாயம் எப்படிக் கதறியது என்பதை நாம் கண்டோம்.

அதே காலத்தில் நம் தமிழ்நாட்டில், சொந்த மக்களே நெருங்க அஞ்சிய உடல்களை முஸ்லிம் வாலிபர்கள் பாதுகாப்பு உடை அணிந்து சுமந்தார்கள். தங்கள் சமயத்தாரை மட்டுமல்ல, மற்றச் சமயத்தாரின் உடல்களையும் உரிய மரியாதையோடு அனுப்பி வைக்கத் துணை நின்றார்கள். ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று சொல்லப்பட்டதும், அதுவும் ஓர் ஆத்மாதானே என்று கேட்டார்கள். அந்தப் பாடத்தை அவ்வாலிபர்கள் செயலில் ஓதிக் காட்டினார்கள். அன்று அவர்களைப் பாராட்டிய நாம், அவர்களில் ஒருவர் அதையே வாழ்நாள் பணியாக்கிக் கொண்டு பெண் கேட்டு வந்தால் கதவைச் சாத்துவோமா?

ஜமாஅத்தாரே! பெற்றோரே!

நாயகத்தின் பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்தவர் ஒருவர் இறந்து போனார். அண்ணலாருக்குச் சொல்லும் அளவுக்கு அது பெரிய செய்தியன்று என்று எண்ணி, தோழர்கள் இரவிலேயே அடக்கி விட்டார்கள். பின்னர் விசாரித்தறிந்த நாயகம் (ஸல்), எனக்கேன் சொல்லவில்லை என்று கேட்டு, கபரைக் காட்டச் சொல்லி, அங்கே நின்று தொழுதார்கள். துடைப்பம் பிடித்த கைக்கு அண்ணலார் கொடுத்த மதிப்பு இது.

ஜமாஅத்து நிர்வாகிகளே! குளிப்பாட்டுபவருக்கும் கபர் தோண்டுபவருக்கும் மாதச் சம்பளம் நிர்ணயம் செய்யுங்கள். மழையானாலும் நள்ளிரவானாலும் வருபவர்கள் அவர்கள். ஊர் விருந்தில் அவர்களைக் கடைசிப் பந்திக்குத் தள்ளாதீர்கள். ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஆலிம்களை வைத்து வாலிபர்களுக்கும், ஆலிமாக்களை வைத்துப் பெண்களுக்கும் செய்முறையோடு கற்றுக் கொடுங்கள்.

பெற்றோரே! உங்கள் பிள்ளை இந்தப் பணிக்கு வர விரும்பினால் தடுக்காதீர்கள். ஜனாஸாவைப் பின்தொடர்ந்து தொழுபவருக்கு ஒரு கீராத்தும், அடக்கும் வரை இருப்பவருக்கு இரண்டு கீராத்தும் நன்மை உண்டு. ஒரு கீராத் என்பது பெரிய மலை போன்றது என்று நாயகம் (ஸல்) நவின்றுள்ளார்கள். இந்தச் செய்தி எட்டியபோது, எத்தனையோ கீராத்துகளைத் தவற விட்டு விட்டோமே என்று இப்னு உமர் (ரலி) வருந்தினார்கள். உங்கள் பிள்ளை அந்த மலைகளை நோக்கி நடக்கிறான்.

பிள்ளை இதைத் தொழிலாக எடுக்கவில்லை என்றாலும், உங்களை ஒரு நாள் குளிப்பாட்டும் அளவுக்காவது அவனுக்குக் கற்றுக் கொடுங்கள். உங்கள் மகளுக்கு அவளுடைய உம்மாவைக் குளிப்பாட்டக் கற்றுக் கொடுங்கள். நீங்கள் அவர்களை முதன்முதலில் குளிப்பாட்டினீர்கள். அவர்கள் உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டட்டும். சொத்துப் பத்திரத்தை எங்கே வைத்திருக்கிறோம் என்று சொல்லி வைக்கும் நாம், இதையும் சொல்லி வைக்க வேண்டாமா?

யா அல்லாஹ்! எங்கள் மய்யித்துகளைக் கண்ணியத்தோடு அனுப்பி வைத்த கைகளுக்கெல்லாம் பரக்கத் செய்வாயாக! அந்தக் கைகளைத் தாழ்வாகப் பார்க்கும் பார்வையை எங்களிலிருந்து அகற்றுவாயாக! எங்கள் முறை வரும்போது, எங்கள் குறைகளை மறைக்கும் நல்லவர்களின் கைகளில் எங்களை ஒப்படைப்பாயாக! எங்கள் கபர்களை ஒளியுள்ளவையாக ஆக்கி வைப்பாயாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.